நாக்கில் வைக்காத தண்ணீர்

நோன்பு மாதத்தில் பின்னேரம் ஒருவருக்குத் தலையிடித்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. காரணம் காலியான வயிற்றில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பொறுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். பொறுத்ததற்கு நன்மையும் உண்டு. எங்கள் தொழிலில் நான் படித்த பெரிய பாடம் அப்படிப்பட்ட ஒரு தலையிடியில்தான் இருந்தது.

போன மாதம் உங்கள் ஆய்வுகூடத்தை எனக்குச் சுற்றிக் காட்டினீர்கள். அப்போது புதிதாக வந்த பிள்ளை ஒன்று, "சேர், நீங்கள் முதன்முதல் செய்த ஊக்கி எது?" என்று கேட்டது. சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை அது. இப்போது ஆறுதலாகக் குந்தி எழுதுகிறேன்.

உங்கள் கருவிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அதை மறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளின் உடம்பில் எத்தனை துவாரம் என்று ஒரு பெட்டி கணக்குச் சொல்கிறது. ஐம்பதுகளில், கல்முனைப் பக்கத்தில், எங்களிடம் இருந்தவை ஓர் உலை, ஒரு தராசு, வெப்பமானிகள், மண்சாடிகள், பிறகு எங்கள் நாக்கு. நாக்கைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு உங்களில் யாராவது ஆய்வுகூடத்தில் எதையாவது நக்கிப் பார்த்ததாகக் கேள்விப்பட்டால், இந்த வயதிலும் பஸ் ஏறி வந்து ஏசுவேன்.

சாய்ந்தமருதில், கடலுக்கும் ஓர் அரிசி மில்லுக்கும் நடுவில் இருந்தது எங்கள் கொட்டில். மில் ஒரு ஹாஜியாருடையது. அந்தக் காலத்து மில் எஞ்சின்கள் பல கரிக் காஸில் ஓடின. மூடிய இரும்புப் பானைக்குள் கரியை அரைகுறையாக எரியவிட்டு, அதிலிருந்து வரும் காஸை எஞ்சின் உறிஞ்சி ஓடும். அந்தக் காஸில் கால்வாசிக்கும் மேல் நஞ்சு, காபன் மொனொக்சைட்டு. மணமில்லை, நிறமில்லை, ஆளைத் தூங்கவைத்துக் கொல்லும். எஞ்சினுக்குப் போகுமுன் அந்தக் காஸ் தரைக்குக் கீழே ஒரு பள்ளத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள்ளால் போய்ச் சுத்தமாகும். தொட்டியில் கரிச்சேறு அடைத்தால் ஓர் ஆள் பள்ளத்துக்குள் இறங்கிக் கிளறவேண்டும். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப அரை நாள் போய்விடும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்குவார்கள்.

ஒரு வருஷம் அந்தப் பள்ளத்தில் ஒருவர் விழுந்தார். அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் விழுந்தார். அடக்குமுன் தொழுகிற ஜனாஸாத் தொழுகை இரண்டையும் ஹாஜியார் ஒரே நாளில் தொழுதார். அதன் பிறகு தன் மில்லில் ஒரு சட்டம் போட்டார்: இடுப்பில் கயிறு கட்டாமல் எவரும் இறங்கக்கூடாது. அவரைப் பார்த்து மற்ற மில்காரரும் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அதோடு நிற்காமல் மாஸ்டரைத் தேடிப்பிடித்து, மில்லுக்குப் பின்னால் கொட்டிலையும் போட்டுக் கொடுத்தார்.

மாஸ்டரின் பெயரை எழுதப்போவதில்லை. "வேலைய எழுது, ஆள விடு" என்பது அவருடைய பேச்சு. மருதமுனையில் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் இரசாயனம் படித்து, பள்ளிக்கூடத்தில் கொஞ்சக் காலம் படிப்பித்தவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு இருந்தால் அதிகம். கோபம் மூக்குநுனியில் இருக்கும். தராசுத் தட்டில் விரல் பட்டதற்காக என்னை ஒரு முழுக் காலை நேரம் ஏசியிருக்கிறார்.

நாங்கள் செய்தது ஒரு கறுப்புத் தூள். மங்கனீசு ஒட்சைட்டும் செப்பு ஒட்சைட்டும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கிற மாதிரி, மிக நுண்ணிய துகளாக இறக்கி, கழுவி, காயவைத்து, உலையில் சுட்டு எடுப்பது. அதை ஒரு டின்னுக்குள் அடைத்து, குழாய் வைத்து, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியோடு பூட்டிவிட்டால், நச்சுக் காஸ் அந்தத் தூளைத் தொட்டுப் போகும்போது நாமெல்லாம் மூச்சில் விடுகிற சாதாரணக் காஸாக மாறிவிடும். தூள் தீராது. ஊக்கி என்பது கலியாணத் தரகர் மாதிரி, மற்றவர்களைச் சேர்த்துவைத்துவிட்டுத் தான் சேராமல் நிற்கும் என்று உங்களுக்கும் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். தரகராவது கடைசியில் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். ஊக்கி அதுகூடச் செய்யாது.

அந்தத் தூளுக்கு எதிரி ஈரம். ஈரத்தை அழைத்து வருவது உப்பு. எங்கள் கரையில் இரண்டும் இலவசம். உப்புச் சட்டி கசிவதை வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தூளில் கொஞ்சம் உப்பு மிஞ்சினாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் துகளின் துவாரங்களை அடைத்துவிடும், தூள் செத்துப்போகும். ஆகவே கழுவுவதுதான் உயிர். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிற சவர் என்பதால் முதலில் அதில் கழுவி, பிறகு கடலுக்கு எட்ட உள்ள ஊர்களிலிருந்து வண்டியில் வரும் நல்ல தண்ணீரில் உப்புப் போகும்வரை கழுவுவோம்.

உப்புப் போனதா என்று பார்க்க ஒரு மருந்து உண்டு. ஒரு துளி விட்டால், உப்பு இருந்தால் பால்போல் கலங்கும். உங்கள் மேசையில் போத்தல் போத்தலாக நிற்கிறது. எங்களுக்கு அது கொழும்பிலிருந்து வரவேண்டும், வந்தால் வந்தது. வராத காலத்துக்கு மாஸ்டர் கண்டுபிடித்த வழிதான் நாக்கு. கடைசியாகக் கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டை நுனிநாக்கில் வைத்து, துப்பி, வாயைக் கொப்பளிப்பது. மூன்று பேரும் வைக்கவேண்டும். மூன்று பேரும் உப்பில்லை என்றால்தான் சாடியை எடுக்கலாம். ஒருவர் இருக்கிறது என்றாலும் மறுபடி கழுவல்.

அந்த மூன்றாவது ஆள் நல்லதம்பி அண்ணன். பாண்டிருப்புக்காரர், முப்பது வயது இருக்கும், கழுவலும் உலையும் அவர் பொறுப்பு. மாஸ்டர் அவரை ஏசி நான் கேட்டதில்லை, ஏனென்றால் ஏச எதுவும் கிடைக்காது. நாங்கள் கொட்டிலில் சந்தித்த முதல் நோன்பில் அவர் நடந்துகொண்ட விதத்தை ஊரே கதைத்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார். வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் திரும்பி வருவார். வெற்றிலையை அந்த மாதம் முழுக்க விட்டுவிட்டார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. "எங்கட நல்லதம்பியப் போல வருமா" என்று நானே பள்ளிவாசலில் பெருமையடித்திருக்கிறேன்.

அந்த நோன்பில்தான் பெரிய வேலை வந்தது. பெரும்போகத்து நெல் வீடு வந்து சேர்ந்து, மில்கள் ஓயாமல் ஓடின. எங்கள் ஹாஜியாருக்கும், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, இறக்காமம் மில்களுக்கும் டின்கள் வேண்டும். மருந்துப் போத்தல் தீர்ந்துவிட்டது. மாஸ்டரும் நானும் நோன்பு. தண்ணீரை நாக்கில் வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று இருவரும் நினைத்தோம். இந்த மாதம் நாக்கு உங்கள் பொறுப்பு என்று மாஸ்டர் நல்லதம்பி அண்ணனிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். எங்களுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

தூள் உலையிலிருந்து வந்ததும் சோதித்தோம். சோதனை எளிது. தூளுக்குள் வெப்பமானியை வைத்து நச்சுக் காஸை விட்டால், தூள் வேலை செய்யும்போது சூடேறும். பாதரசம் விறுவிறென்று ஏறியது. மாஸ்டர் திருப்தியாகத் தலையை அசைத்தார். டின்களில் அடைத்தோம், நான்கு மில்லுக்கும் அனுப்பினோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மில்லில் தலையிடி அதிகம். பள்ளத்திலிருந்து ஏறி வருபவர்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்துவார்கள். வெயில், நோன்பு, என்ன செய்வது என்பார்கள். ஒருவர் வாந்தியெடுத்தார். அவருடைய கவலையெல்லாம் நோன்பு முறிந்துவிட்டதா என்பதுதான். தானாக வந்த வாந்தியில் முறியாது என்று மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவரும் நிம்மதியாக எழும்பி மறுபடி வேலைக்குப் போனார். நான் அந்த இடத்தில் நின்றேன், பிள்ளைகளே. என் கண்ணுக்கு முன்னால் ஒரு மனிதன் நஞ்சு குடித்துவிட்டு நின்றான். நான் அவனுடைய பொறுமையைப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன்.

கடைசிப் பத்து நோன்பில் ஒரு பின்னேரம் பள்ளத்தில் அடைப்பு. மில் ஆட்கள் நல்லதம்பி அண்ணனைக் கேட்டார்கள். நீங்கள் சாப்பிட்ட ஆள், உங்களுக்குத் தென்பிருக்கும் என்று. அவர் முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கிக் கிளறிவிட்டு வந்தார். கொட்டில் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், எனக்கும் தலையிடிக்குது."

மாஸ்டர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெயிலுக்குள் நின்றிருப்பீர்கள், கொஞ்சம் குந்துங்கள் என்றார்.

"வெயிலுக்குள்ள நிக்கல்ல. பள்ளத்துக்குள்ள நிண்டனான்." நிலையை விடாமலே சொன்னார்: "நான் நோன்பில்லையே மாஸ்டர்."

மாஸ்டர் கையிலிருந்த படிக்கல்லைத் தட்டில் வைக்காமல் மேசையில் வைத்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எனக்கும் அந்த நேரம்தான் விளங்கியது. இத்தனை நாளும் பள்ளத்திலிருந்து வந்த எல்லாத் தலையிடிக்கும் நாங்கள் ஒரே பெயரை வைத்திருந்தோம். அந்தப் பெயர் பொருந்தாத ஒரே ஆள் இப்போது வாசலில் நின்றார்.

கடைசிக் கழுவல் தண்ணீர் எப்படி இருந்தது என்று மாஸ்டர் கேட்டார். நல்லதம்பி அண்ணன் கீழே பார்த்தார்.

"நாக்குல வைக்கல்ல மாஸ்டர்."

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும் தொண்ட காஞ்சி நிக்கக்குள்ள, ஒங்கட முகத்துக்கு முன்னால தண்ணிய வாயில வைக்க மனம் வரல்ல. முந்திக் கழுவின அளவுக்குக் கழுவினன். காணும் எண்டு நெனச்சன்."

முந்தி அது போதுமாகத்தான் இருந்தது. ஆனால் மழை நின்று வெயில் ஏற ஏறக் கிணறு வற்றி, தண்ணீர் முந்தியதைவிடச் சவராகியிருந்தது. கிணற்றடியில் நிற்கிற மூன்று பேருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அந்த மாதம் அந்தத் தண்ணீரை ஒருவரும் வாயில் வைக்கவில்லை. உலையிலிருந்து சுடச்சுட வந்த தூள் காய்ந்திருந்ததால் சோதனையில் தேறிவிட்டது. டின்னுக்குள் போன பிறகு, உப்பு தன் வேலையைத் தொடங்கியது. நாளுக்கு நாள் தூள் செத்துக்கொண்டு வந்தது.

மாஸ்டர் வெடிக்கப்போகிறார் என்று நான் ஒதுங்கினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஒங்கட பிழைய நாளைக்குப் பேசுவம். இண்டைக்கு அந்த டின்னெல்லாம் எங்கெங்க இரிக்கி?"

இந்த இரண்டு வசனத்தை உங்கள் ஆய்வுகூடச் சுவரில் எழுதிவைத்தாலும் தகும். ஆபத்து வந்த நேரத்தில் எத்தனையோ அதிகாரிகளைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன். முதல் மணித்தியாலத்தை ஆளைப் பிடிப்பதில் செலவழிப்பார்கள். டின் அதுவரைக்கும் ஒருவருடைய முகத்தில் இருக்கும்.

ஹாஜியார் மில் வாசலில் ஓதிக்கொண்டிருந்தார். நான்கு மில்லையும் உடனே நிறுத்தவேண்டும், எல்லா டின்னையும் திருப்பி எடுக்கவேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். ஹாஜியார் கெட்டவரில்லை. ஆனால் பெருநாள் கிட்ட வந்துவிட்டது, மில் வாசலில் நெல் மூட்டைகளோடு சனம் காத்து நின்றது.

"முதல்ல தூளச் சோதிச்சுப் பாருங்களன் மாஸ்டர். ஒரு ஆள்ட தலையிடிக்கு நாலு மில்ல நிப்பாட்டவா?"

"சோதிக்க இரவாகும். அதுக்குள்ள எவனாவது எறங்கினா?" என்றார் மாஸ்டர். "தூள் நல்லதா இரிந்தா என்ட பேர் கெடும். கெட்டதா இரிந்தா ஒரு மையித்து விழும். நீங்க ரெண்டு தொழுதிட்டீங்க ஹாஜியார்."

ஹாஜியார் ஓதிக்கொண்டிருந்த கிதாபை மூடினார். எழும்பிப் போய்த் தன் கையாலேயே எஞ்சினை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதும் கடல் கேட்டது. சாரதியைக் கூப்பிட்டு லொறியை எங்களிடம் கொடுக்கச் சொன்னார்.

சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் தபால் கந்தோரிலிருந்து டெலிபோன் பேசலாம். அதை மாஸ்டர் பார்த்துக்கொண்டார். இறக்காமம் உள்ளே, குளங்களுக்கும் வயல்களுக்கும் நடுவில் இருக்கும் ஊர். அங்கே டெலிபோன் இல்லை. நானும் நல்லதம்பி அண்ணனும் லொறியில் ஏறினோம்.

சம்மாந்துறை தாண்டியதும் அறுவடை முடிந்த வயல்தான் இரண்டு பக்கமும். வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. யானை இறங்குமுன் குளக்கட்டைத் தாண்டவேண்டும் என்று சாரதி அவசரப்படுத்தினார். எனக்கு யானையின் நினைப்பே இல்லை. நல்லதம்பி அண்ணன் ஒரு தடவை லொறியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தியெடுத்தார். மறுபடி ஏறி உட்கார்ந்ததும் ஒன்று சொன்னார்.

"மாஸ்டர் ஏசியிருந்தா நல்லம் தம்பி."

என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

இறக்காமம் மில்லில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் வெளியில், நெல் காயும் சீமெந்துக் களத்தில், கஞ்சிக் கோப்பைகளை முன்னால் வைத்துக்கொண்டு நோன்பு துறக்கக் காத்திருந்தார்கள். அந்த மில்லின் எஞ்சின்காரர் உதுமாலெவ்வைக் காக்கா. நாற்பது வயதிருக்கும், டின் கொண்டுபோய்க் கொடுத்தபோது முகமூடியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குப் பேய்க்காட்டிச் சிரிக்கவைத்தவர். அவரைக் களத்தில் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

பள்ளத்துக்குள் என்றார்கள். அடைப்பை எடுத்துவிட்டாராம், களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் குந்திவிட்டு வருகிறேன் என்று கீழேயிருந்து சொன்னாராம். நோன்பாளி, ஆறட்டும், நோன்பு துறக்கப் பாங்கு சொன்னதும் வருவார் என்று விட்டுவிட்டார்களாம். அவர்கள் பேச்சில் ஒரு பதற்றமும் இல்லை. அன்பாகத்தான் சொன்னார்கள்.

நான் பேசி முடிக்குமுன் நல்லதம்பி அண்ணன் பள்ளம் இருந்த காஸ் அறைக்குள் ஓடிவிட்டார். பின்னால் நானும் ஓடினேன். பள்ளத்தின் அடியில் உதுமாலெவ்வைக் காக்கா சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். முகமூடி முகத்திலேயே இருந்தது. கூப்பிட்டோம், அசையவில்லை. நல்லதம்பி அண்ணன் ஏணியில் காலை வைத்துவிட்டார்.

ஹாஜியார் ஒரே நாளில் தொழுத இரண்டு ஜனாஸாவில் இரண்டாவது யாருடையது என்று அந்தக் கணத்தில் எனக்கு நினைவு வந்தது. தூக்கப் போன ஆளுடையது. நான் நல்லதம்பி அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இளையவன், அவரைத் தொட்டு இழுப்பது அதுதான் முதல் தடவை. அவர் திமிறினார். காக்காவின் இடுப்பில் ஹாஜியார் சட்டத்துக் கயிறு இருந்தது; அதன் மறுநுனி மேலே தூணில் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து நல்லதம்பி அண்ணனின் கையில் வைத்தேன்.

"எறங்காதீங்க அண்ணன். இழுங்க."

இழுத்தோம். களத்திலிருந்து வந்தவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். வெளியே தூக்கிக்கொண்டு போய்க் காற்றில் கிடத்தினோம். முகம் சிவந்து செழிப்பாக இருந்தது. ஒரு குறையும் இல்லை, நித்திரைதான் என்றார் ஒருவர். பிள்ளைகளே, இந்த நச்சுக் காஸ் அப்படித்தான் செய்யும். செத்துக்கொண்டிருப்பவன் முகத்தில் ஆரோக்கியத்தைப் பூசிவிடும். நான் குப்புறக் கிடத்தி, முதலுதவியில் படித்தபடி முதுகை அழுத்தி அழுத்திவிட்டேன். நல்லதம்பி அண்ணன் கைகளையும் கால்களையும் தேய்த்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். களத்திலிருந்த ஒருவரும் கஞ்சிக் கோப்பையைத் தொடவில்லை. இறைவனிடம் நான் கேட்ட துஆவெல்லாம் அழுத்தும்போது மூச்சோடு மூச்சாகக் கேட்டதுதான்.

வெகுநேரத்துக்குப் பிறகு ஓர் இருமல் வந்தது. திருப்பிக் கிடத்தினோம். கண்ணைத் திறந்து எங்களை யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்.

"பாங்கு சொல்லிட்டா?"

"ஓம் காக்கா, சொல்லிட்டாங்க. வாயத் திறங்க" என்றார் நல்லதம்பி அண்ணன். தன் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி அவருடைய உதட்டில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

மற்ற மூன்று மில்லிலும் தலையிடி, வாந்திக்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மாஸ்டர் திரும்பி வந்த டின் ஒன்றைத் திறந்து சோதித்தார். வெப்பமானி அசையவே இல்லை. அதே தூளை உலையில் காயவைத்துச் சோதித்தார், ரசம் ஏறியது. ஓர் இரவு கடற்காற்றில் திறந்து வைத்தார், மறுபடி செத்துவிட்டது. நாங்கள் செய்த சோதனையில் பொய் இல்லை. அன்றைக்கு உயிரோடிருக்கிறதா என்று மட்டும் கேட்டோம். பள்ளத்துக்குள் போகும் நாளில் இருக்குமா என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து, எந்தத் தூளையும் அது போய் இருக்கப்போகும் இடத்தின் காற்றில் கிடத்தி வைத்துத்தான் நான் சோதித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உலைச்சூட்டில் எல்லாமே நல்ல பிள்ளைதான்.

பிறகு மாஸ்டர் பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டார். விழுங்காமல், தேவைக்காக நாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது, தேவையில்லாமல் செய்வதுதான் விரும்பத்தகாதது என்றார் மௌலவி. சமைக்கிற பெண்கள் உப்புப் பார்ப்பதில்லையா என்றும் கேட்டார். உயிர் காக்கிற வேலைக்கு ஏன் முன்னமே வந்து கேட்கவில்லை என்றார். பத்து நிமிஷ நடையில் இருந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

நாளைக்குப் பேசுவோம் என்ற பேச்சை அவர் மறக்கவில்லை. நல்லதம்பி அண்ணனை அழைத்து உட்காரவைத்து, என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் பேசினார். மூன்று நாக்கு பார்க்கவேண்டிய வேலையை ஒரு நாக்கிடம் கொடுத்தது தன் பிழை என்றார். அந்த ஒரு நாக்கும் தண்ணீரைத் தொடவில்லை என்பதை, பக்கத்தில் நின்ற நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. அவருடைய நல்ல குணத்தைப் புகழ்ந்துகொண்டு நின்றோம் என்றார். வெட்கத்தினால் ஒன்றைச் செய்யாமல் விட்டால், செய்யவில்லை என்று சொல்லவாவது வேண்டும் என்றும் சொன்னார். நல்லதம்பி அண்ணன் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். ஆனால் அவர் மனம் ஆறவில்லை.

உதுமாலெவ்வைக் காக்கா பிழைத்தார், ஆனால் பழைய ஆள் திரும்பி வரவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. திருகாணி பிடிக்க முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு மறந்துபோகும். மில்லில் அவரைக் காவலுக்கு வைத்தார்கள். டின்களை எங்களிடம் கொண்டுவந்து மாற்றிப் போவதும் அவர் வேலையானது. நல்லதம்பி அண்ணன் மாதம் ஒருமுறை இறக்காமத்துக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார். என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை.

அடுத்த நோன்பு வந்தது. மருந்துப் போத்தல் இருந்தது. ஆனாலும் மாஸ்டர் நாக்கை விடவில்லை, ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்றார். முதல் சாடி கழுவி முடிகிற நேரம், மத்தியானம். மாஸ்டர் சிரட்டையில் தண்ணீரை எடுத்து, நாக்கில் வைத்துத் துப்பினார். நானும் வைத்தேன். சிரட்டை நல்லதம்பி அண்ணனிடம் போனது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் காய்ந்த உதடுகளைப் பார்த்தார். வாய்க்கு அருகில் கொண்டுபோனார், கை இறங்கிவிட்டது. அந்த ஒரு வருஷத்தில் இந்த நாளுக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார் என்று அப்போது விளங்கியது. மாஸ்டர் வையுங்கள் என்றார். நானும் சொன்னேன். அவரால் முடியவில்லை.

அன்று டின் மாற்ற உதுமாலெவ்வைக் காக்கா வந்திருந்தார். வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறார். மெல்ல உள்ளே வந்து, கவிழ்த்து வைத்திருந்த சாடி ஒன்றின் மேல், நல்லதம்பி அண்ணனுக்கு நேர் எதிரே குந்தினார். இறக்காமத்திலிருந்து வெயிலுக்குள் வந்த நோன்பாளி, உதடு வெடித்திருந்தது. நடுங்குகிற இரண்டு கையையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"வாயில வைங்க தம்பி. நான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

நல்லதம்பி அண்ணன் அவருடைய முகத்தைப் பார்த்தபடியே தண்ணீரை நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துப்பினார். மாஸ்டருக்கும் எனக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்தது.

"இன்னும் உப்பு இருக்கு காக்கா."

"அப்ப இன்னும் கழுவுங்க," என்றார் உதுமாலெவ்வைக் காக்கா. "நான் போகல்ல."